அவர் எழுத்து, அவர் தாள்

தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டு நண்டு ரசக் குறிப்பு ஊதா நிறமாகிவிடும். ஈஸ்டர் வந்ததும் வெள்ளைக்கும் பொன்னுக்கும் மாறும். விசேஷம் ஒன்றும் இல்லாத சாதாரண ஞாயிறுகளில் பச்சை. பூசைக்கு ஃபாதர் என்ன நிறத்தில் உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறாரோ, அதே நிறம்தான் என் சமையல் குறிப்புகளுக்கும், கிளினிக் தேதிகளுக்கும், கறிவேப்பிலைச் செடிக்கு எப்போது உரம் போட்டேன் என்ற குறிப்புக்கும்.

இதைச் சொன்னால் சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். துறைமுகப் பட்டணமான பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆவணங்களைப் பராமரிக்கிற வேலை எனக்கு. பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வைப்பது, கையெழுத்துக்காக இன்ஜினியர்களின் பின்னால் அலைவது, தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களைத் திட்டாமல் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுப்பது. அங்கே எல்லாத் தாளும் வெள்ளை, எல்லா எழுத்தும் கறுப்பு. வீட்டுக்கு வந்த பிறகாவது கண்ணுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டாமா?

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் ஒரு சனிக்கிழமை வந்திருந்தபோது என் மடிக்கணினியில் ஒரு விக்கி போட்டுக் கொடுத்தாள். விக்கி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நாமே எழுதி, நாமே திருத்தி, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவிப் போகும்படி வைத்துக்கொள்கிற சொந்த நோட்டு, அவ்வளவுதான். காகிதத் துண்டுகளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைக்கிற என் பழக்கத்தை ஒழிக்கத்தான் அவள் அதைச் செய்தாள். நான் அதில் எழுதியதைவிட அதற்கு வண்ணம் பூசியதுதான் அதிகம். "அம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல, ஆனா கலர் மட்டும் சூப்பரா இருக்கு லா" என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் கிண்டல் செய்வாள்.

அவளுக்கென்ன தெரியும். நிறத்தொகுப்பு என்பது பார்க்க ஒரு சின்னப் பக்கம்தான். இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் ஒரு நிறம். தலைப்புக்கு இந்த நிறம், எழுத்துக்கு இந்த நிறம், தாளுக்கு இந்த நிறம் என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், விக்கியில் இருக்கிற அத்தனை பக்கமும் அதைக் கேட்டு நடக்கும். தவக்காலத்துக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று, சாதாரண ஞாயிறுகளுக்கு ஒன்று என்று செய்து வைத்திருந்தேன். மடித்து வைத்த கிறிஸ்துமஸ் திரைச்சீலையை அடுத்த வருஷமும் எடுத்து மாட்டுகிற மாதிரி, காலம் வந்ததும் எடுத்துப் போட வேண்டியதுதான். இன்னொரு வசதியும் உண்டு. நிறத்துக்குப் பதிலாக இன்னொரு பெயரையே எழுதலாம். 'எழுத்து: காலத்தின் நிறம்' என்று எழுதினால், எந்தக் காலம் நடக்கிறதோ அந்த நிறத்தை எழுத்து தானாக எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த விக்கியை என்னைத் தவிரப் பயன்படுத்துகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். லாயாங் லாயாங் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்பவன் கையசைப்பதைப் பார்த்துப் பெட்டியை இம்மி பிசகாமல் இறக்கிவைத்த கண் அவருடையது. இனிப்பு நீர் வியாதி அந்தக் கண்ணில்தான் கையை வைத்தது. கிரேனிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் காரையும் நான்தான் ஓட்டுகிறேன். இரண்டையும் அவர் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டார். அவரிடம் மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் படிப்பது.

அவர் படித்துக் கேட்க வேண்டும். என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. சாதாரண நாளில் கரகரவென்று பேசுகிற மனிதர் வாசக மேடையில் ஏறினால் குரல் வேறாகிவிடும். கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். கோயிலில் இருக்கிற வாசக நூலின் எழுத்து அவருக்குத் தெரியாமல் போனபோது, நான் விக்கியில் அந்தந்த வார வாசகங்களைத் தட்டச்சு செய்து, டேப்லெட்டில் பெரிய எழுத்தில் தெரியும்படி அவருக்கென்று ஒரு தனித் தொகுப்பு செய்து கொடுத்தேன். கறுப்புத் தாள், காலத்தின் நிறத்தில் எழுத்து. ஃபாதரும் சம்மதித்தார். வாசக நூலைத் திறந்து வைத்து, அதன் மேல் டேப்லெட்டை வைத்துப் படிக்கலாம் என்றார். புத்தகத்தை மூடாமல் இருந்தால் போதும் அவருக்கு.

செவ்வாய்க்கிழமைகளில் நான் காய் நறுக்கும்போது அவர் சமையலறைக்கு வந்து உட்காருவார். "இந்த வார வாசகத்த ஒரு தடவ படிச்சுக் காட்டேன்" என்பார். "நீங்கதானே படிக்கப் போறீங்க, நான் எதுக்கு?" என்று கேட்டால், "உன் குரல்ல கேட்டாத்தான் எங்க நிறுத்தணும்னு புரியுது" என்பார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பேன். இன்னொரு தடவை என்பார். மறுபடியும் படிப்பேன். இத்தனை வருஷம் கழித்து என் குரலுக்கு இப்படி ஒரு ரசிகர் கிடைத்தாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன், பைத்தியக்காரி.

தூய ஆவியார் பெருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை. ஈஸ்டர் காலம் அதோடு முடிகிறது. அன்றைக்கு மட்டும் சிவப்பு. நான் கூடத்தில் உட்கார்ந்து சிவப்புத் தொகுப்பை எடுத்துப் போட்டேன். அவருடைய தொகுப்பையும் திறந்து பார்த்தபோது மனசுக்கு ஒப்பவில்லை. பெருநாளும் அதுவுமாகக் கறுப்புத் தாளா? தாளையும் காலத்தின் நிறத்துக்கு மாற்றி, எழுத்தை வெள்ளையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். 'தாள்: காலத்தின் நிறம்' என்று எழுதிச் சேமித்த நிமிஷம் வெளியே சடசடவென்று மழை. கொடியில் துணி. போட்டது போட்டபடி ஓடினேன். துணியை அள்ளி, மடித்து, நனைந்ததை மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டு முடித்தபோது எழுத்து விஷயம் சுத்தமாக மறந்து போயிருந்தது. எழுத்தும் காலத்தின் நிறம், தாளும் காலத்தின் நிறம். என் மடிக்கணினியில் வேறு தொகுப்பு என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மழை விட்டதும் அவர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் வாசகத்தைப் பழகுகிற குரல் உள்ளே கேட்டது. அந்தப் பெருவிழாவின் முதல் வாசகம் எல்லா வாசகர்களுக்கும் ஒரு கண்டம். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களும் நாட்டுப் பெயர்களும் வரிசையாக வரும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். இவர் கல்லில் தண்ணீர் ஓடுகிற மாதிரி கடந்து போனார். கேட்டுக்கொண்டே பாலும் சீனியும் போடாமல் தே ஓ தேநீர் ஒன்று கலக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

அவருக்குப் பின்னால் நின்று குவளையை நீட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். டேப்லெட் முழுக்கச் சிவப்பு. ஓர் எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை. துவைத்துக் காயப்போட்ட சிவப்புத் துணி மாதிரி வெறும் சிவப்பு. அதன் மேல் அவர் விரல் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. வரி முடிகிற இடத்தில் விரல் கீழே இறங்கி மறுபடியும் இடது ஓரத்துக்கு வந்தது. இல்லாத பக்கத்தை மேலே தள்ளிவிட்டு, இல்லாத அடுத்த வரியைப் படித்தார். ஒரு சொல் பிசகவில்லை.

"என்னங்க படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கிட்டேதானே நிக்கிற? நாளைக்கு வாசகம்."

"எழுத்து என்ன கலர்ல இருக்கு?"

"சிவப்பு. நாளைக்குச் சிவப்புதானே?"

"தாளு?"

விரல் நின்றது. அவர் டேப்லெட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார். திரும்பவும் மடியில் வைத்தார்.

"எழுத்தே இல்லங்க அதுல" என்றேன். "நான்தான் மாத்தறப்ப குழப்பிட்டேன். எல்லாம் ஒரே சிவப்பு."

"ஓ" என்றார். பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. "பெருநாளாச்சே, இந்தத் தடவ நல்லா சிவப்பா போட்டிருக்கியேன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? குவளையைத் தரையில் ணங்கென்று வைத்தேன். "எத்தன நாளா இந்தக் கூத்து? ஏங்க, நான் என்ன ரோட்டுல போற ஆளா? கண்ணு தெரியலன்னு என்கிட்ட சொல்ல என்ன கேடு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

"சுத்தமா தெரியலன்னு இல்ல" என்றார். "சுத்தி எல்லாம் தெரியுது. நடுவுலதான் எண்ணெய்க் கை பட்ட மாதிரி இருக்கு. தவக்காலத்துல நீ ஊதா எழுத்து போட்ட பாரு, அப்பவே போச்சு. கறுப்புல ஊதா, எனக்கு ஒண்ணுமே தெரியல. சரி, ஈஸ்டர் வந்தா வெள்ளை வரும், வெள்ளை தெரியும்னு நெனச்சேன். அது ஒரேயடியா கூசுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது."

"தவக்காலத்துலயே சொல்லியிருக்கலாமே."

"நீ ஆசை ஆசையா செஞ்ச கலரு. எப்படிச் சொல்றது?"

செவ்வாய்க்கிழமைகள் ஞாபகம் வந்தன. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று என்னைப் படிக்கவைத்து, அவர் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சொல்லாக உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டுவாரே, ரசிக்கிறார் என்று நினைத்தேனே.

"சரி விடுங்க. நாளைக்குப் போய்ப் படிங்க. உங்களுக்குத்தான் முழுசா மனப்பாடம் ஆயிருக்கே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். அவர் மனசு உடைந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார். "பார்த்துப் படிக்கிறதுக்குத்தான் என்னைய அங்க நிக்க வச்சிருக்காங்க. பார்க்கிற மாதிரி பாவனை பண்ணி ஒப்பிக்கிறதுக்கு இல்ல. ஒவ்வொரு வாரமும் இறங்கி வரும்போது ஒரு மாதிரியா இருக்கும். இதையும் விட்டுட்டா அப்புறம் நான் யாரு, சொல்லு? அதான் வாய மூடிக்கிட்டிருந்தேன்."

அன்று மாலையே வாசகர்களுக்குப் பொறுப்பாக இருக்கிற பெண்ணுக்கு அவரே போன் செய்து, தொண்டை சரியில்லை, வேறு யாரையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஒரு சின்னப் பெண் படித்தது. ஊர்ப் பெயர்கள் வந்த இடத்தில் பாவம், சிக்கிக்கொண்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் விழுந்த இடத்திலெல்லாம் இவர் நின்று, அது எழுந்து வரும்வரை காத்திருந்து, கூடவே போனார். என்னால் பார்க்க முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

கண் கிளினிக்கில் மருத்துவர் சொன்னதில் ஒளிவு மறைவு இல்லை. போனது போனதுதான், மிச்சம் இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். எழுத்தையும் தாளையும் எந்த நிறத்தில் வைத்தால் தெரியும் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் வேறுபடும், வீட்டில் உட்கார்ந்து நீங்களே போட்டுப் பாருங்கள் என்றார். வேறு ஆளாக இருந்தால் சோர்ந்து போயிருப்பார். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. நிறம் போட்டுப் பார்ப்பதைத் தவிர நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன் இத்தனை நாளும்?

அடுத்த சனிக்கிழமை காலை, சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் கையில் டேப்லெட், என் முன்னால் மடிக்கணினி. நான் இங்கே மாற்றினால் அங்கே மாறும்.

"எனக்குத் தெரியாத எதையாவது எழுது" என்றார். "தெரிஞ்சத எழுதினா என் மனசு திருடிடும். அது பழகிப்போச்சு."

"கல்யாணம் ஆகி இத்தன வருஷம். உங்களுக்குத் தெரியாதது என்கிட்ட என்னங்க இருக்கு?"

"ஏதாவது இருக்கும். யோசி."

யோசித்து ஒரு வரி எழுதினேன். சிவப்பில் போட்டேன், தெரியவில்லை. ஊதாவுக்குப் போகவே இல்லை. கரும்பச்சைத் தாளில் வெள்ளை போட்டேன், கூசுகிறது என்றார். நீலத்தில் ஆரஞ்சு போட்டேன், நாலு எழுத்து தெரிகிறது, நடுவில் ஓட்டை என்றார். என் அழகான தொகுப்புகள் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் தோற்றுப் போயின. என்னிடம் இருந்த நிறமெல்லாம் தீர்ந்த பிறகு அவர் சொன்னார்:

"கிரேன்ல போடுவாங்களே, அந்த மாதிரி போடேன். மஞ்சள்ல கறுப்பு."

எச்சரிக்கைப் பலகையின் நிறம். முகம் சுளித்தேன். "கடவுள் வார்த்தைங்க. ஆபத்து, கிட்ட வராதேன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்கும்."

"அதுவும் ஒரு வகையில சரிதானே" என்று சிரித்தார்.

போட்டேன். பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம், கொஞ்சம் மங்கல் என்றார். குறைத்தேன். இன்னும் கொஞ்சம். எழுத்தைத் தடியாக்கினேன், வரிகளுக்கு நடுவே இடம் விட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. அவர் டேப்லெட்டை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, கழுத்தைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்தார். விரலைத் திரையில் வைத்தார்.

"உங்க" என்றார். அப்புறம் வெகு நேரம் கழித்து "மீன்" என்றார். "கறியில. எப்பவும். பு... புளி. ஜாஸ்தி."

நிமிர்ந்தார். "அலமாக்! இத்தன வருஷமா நான் மீன் கறி வைக்கிறேன், வாயத் திறந்து சொல்லவே இல்லையே நீ!"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

"ரெண்டாவது தடவ வாங்கி ஊத்திக்குவ?"

"பசிக்கும்ல."

கோபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "இன்னொண்ணு எழுது" என்றார். நான் எழுதினேன். இந்தத் தடவை அவர் சொல் சொல்லாக வாய்விட்டுப் படிக்கவில்லை. விரல் மட்டும் நகர்ந்தது. கடைசி வரை போய், திரும்ப முதலிலிருந்து வந்தது. நீங்கள் கோயிலில் படிக்கும்போது நான் உங்களைப் பார்ப்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அன்றைக்கே அவருடைய தொகுப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முன்பு எல்லாவற்றையும் காலத்தின் நிறத்தோடு கோத்து வைத்ததுதான் வினை. இப்போது இரண்டு புதிய பெயர்கள் வைத்தேன். 'அவர் எழுத்து', 'அவர் தாள்'. எந்தக் காலம் வந்தாலும், எந்தப் பெருநாள் வந்தாலும் இந்த இரண்டையும் தொடக் கூடாது. அலுவலகத்தில் சில தாள்களில் மாற்றக் கூடாது என்று முத்திரை குத்துவோம், அப்படித்தான் இதுவும். காலத்தின் நிறத்துக்குத் திரையின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் விட்டுக் கொடுத்தேன். நாளைக்கு இந்த மஞ்சளும் மங்கலாம், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்போது மேசையில் எதிரும் புதிருமாக மறுபடியும் உட்காருவோம். அந்த இரண்டு பெயர்களுக்கு நேராக வேறு நிறத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால், மீதி எல்லாம் தானாக மாறிக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை படிப்பு நின்றது. "நீ படிச்சுக் காட்டாத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் தனியாக உட்கார்ந்து பழகுவது சமையலறைக்குக் கேட்கும். பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டுவார், நிறுத்துவார், தப்பாகப் படிப்பார். ஊரையே கட்டிப்போட்ட குரல் இப்படித் திணறுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதைவிட வெங்காயம் உரிப்பது எவ்வளவோ மேல். அடுத்த சொல் என் நாக்கு நுனி வரை வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பச்சை ஞாயிறுகள் வந்த பிறகு அவருடைய முறை வந்தது. காரில் போகும்போது, "இன்னிக்கு என்ன கலரு?" என்று கேட்டார்.

"பச்சை."

"மேல கோடு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"சரி" என்றார். அந்தக் கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. இருந்தும் ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

பூசை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வாசகர்களுக்குப் பொறுப்பான பெண் குனிந்து குனிந்து எங்கள் இடத்துக்கு வந்தாள். "அங்கள், ரெண்டாம் வாசகம் படிக்க வேண்டியவங்க இன்னும் வரல. நெடுஞ்சாலையில ட்ராஃபிக் ஜாமாம். நீங்களே ரெண்டையும் படிச்சிடுங்களேன்? உங்களுக்கென்ன அங்கள், கண்ண மூடிக்கிட்டுப் படிப்பீங்க."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். முதல் வாசகத்தைத்தான் வாரம் முழுக்கப் பழகியிருந்தார். இரண்டாவதை நான் விக்கியில் போட்டு வைத்திருந்தேன், ஆனால் அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இதில் மனப்பாடம் இல்லை, பழக்கம் இல்லை, என் குரல் இல்லை. முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"படிக்கிறேன்மா" என்றார்.

முதல் வாசகம் நன்றாகவே போயிற்று. கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் இரண்டாவதற்காக மறுபடியும் மேடை ஏறினார். அது திருமுகம், திருத்தூதர் எழுதிய கடிதம். எங்கே தொடங்கியது எங்கே முடிகிறது என்று தெரியாமல் மூச்சு வாங்க வைக்கிற வாக்கியங்கள். அவர் டேப்லெட்டைப் புத்தகத்தின் மேல் சரியாக வைத்தார். கழுத்தைச் சாய்த்தார். விரலை வைத்தார். தொடங்கினார்.

நான் அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன்.

நாலைந்து வரி போனார். அப்புறம் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தார். நின்றார். கோயிலில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் யாரோ தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் இன்னும் குனிந்தார். மூக்கு டேப்லெட்டைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். விரல் பின்னால் போய் வரியின் தொடக்கத்துக்கு வந்தது. மாதாவே, மாதாவே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அந்த வரியை முதலிலிருந்து படித்தார். அந்தச் சொல் வந்தது. இந்தத் தடவை சரியாக வந்தது. அதைத் தாண்டி மெல்ல மெல்லக் கடைசி வரை போய்விட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அங்களுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையா? எப்பவும் தடுக்கவே மாட்டாரே. நான் வேற கடைசி நேரத்துல ரெண்டாவதையும் தலையில கட்டிட்டேன்."

"ரொம்ப நல்லா இருக்காரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஏற்கெனவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் மகள் பிறந்த அன்றைக்குப் பார்த்த முகம்.

"தடுக்கினேன் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"கண்ணால பாத்துப் படிச்சேன். அதான் தடுக்குச்சு. இத்தன நாளும் தடுக்கவே இல்ல பாரு."

நான் சாவியைப் போட்டேன். வண்டியைப் பின்னால் எடுக்கத் தலையைத் திருப்பினேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே கோயில் சுவரும் ஆட்களும் மற்ற வண்டிகளும் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி கலங்கிப் போயிருந்தன. துடைத்தேன், மறுபடியும் கலங்கியது. வண்டி அசையவில்லை.

அவர் என் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"என்ன, உனக்கும் கண்ணு தெரியலையா?" என்றார். "நகரு, நான் ஓட்டறேன்."